மாப்பிள்ளைக்குக் கட்டிய கறுப்பு வாட்ச்

செராமிக் என்பது பிளாஸ்டிக் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடலூர்ப் பக்கம் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை எனக்கு. அந்தக் காற்றில் எந்த வாட்ச் கட்டினாலும் ஆறே மாதத்தில் முலாம் போய்ப் பல்லிளித்துவிடும். செராமிக் வாட்ச் அப்படியில்லை; பீங்கான் மாதிரி சுட்டுச் செய்தது. மங்காது, கீறாது, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஸ்டாப்வாட்ச் முள் துள்ளிக்கொண்டு ஓடும். என்னைக் கேட்டால், மனுஷன் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான்.

2009இல் தங்கைக்குக் கல்யாணம், சிதம்பரத்தில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்ட வேண்டும். பைக் வாங்கச் சேர்த்ததை எல்லாம் போட்டு, துபாயிலிருந்த சினேகிதனிடம் சொல்லி அப்படியொரு செராமிக் வாட்சை வரவழைத்தேன். முழுக் கறுப்பு.

கட்டிவிட்டு நிமிர்ந்தால், மாப்பிள்ளையின் தாய்மாமா எட்டிப் பார்க்கிறார்.

“என்னாங்க இது, பிளாஸ்டிக்கா?”

“இல்லீங்க மாமா, செராமிக். கடலூர்லயே யார் கையிலயும் கெடையாது.”

“அது என்னாவோ இருக்கட்டும். நல்ல காரியத்துல போயி கறுப்பக் கட்டிவுட்றீங்களே?”

கூட்டம் மொத்தமும் திரும்பியது. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கோ அந்தப் ‘பிளாஸ்டிக்’கில்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, வீட்டுச் சாவியால் வாட்ச் மேல் பரபரவென்று தேய்த்தேன். “பாருங்க, ஒரு கோடு விழுதா? பாருங்க!”

மாப்பிள்ளை கையை உருவிக்கொண்டார். அப்பா ஓடிவந்து வாட்சைக் கழற்றி என்னிடம் திணித்தார். தன் பழைய தங்கக் கலர் வாட்சை அவருக்குக் கட்டிவிட்டு, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். தங்கை மணமகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடம் கழித்து புவனகிரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னும் சொல்லிக் காட்றாங்கண்ணே. வூட்ல யாருக்காவது ஒடம்பு முடியலன்னாகூட, ‘கறுப்பு கட்ன வூட்டுலேர்ந்து வந்தவ’ன்றாங்க. ஒரு வளைகாப்புல என்ன முன்னால வுடல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அறிவுகெட்ட ஜனம்! செராமிக்னா என்னான்னு தெரியுமா அதுங்களுக்கு?”

“அத வுடுண்ணே. அவுருக்கு என்னா புடிக்கும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? யாருக்குண்ணே வாங்குன அத?”

கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். அதே கறுப்பு வாட்ச் அதில் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.