பந்தல் போட்ட மலை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கனடாவில் மொன்றியலுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு லாசால் பகுதியில் மூலைக்கடை போட்டு, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சரிவையே வாங்கியவன். சும்மா சரிவல்ல, திராட்சைத் தோட்டம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பழம் அங்கேதான் என்று விற்ற பிரெஞ்சுக் கிழவரே சொன்னார். அவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். எனக்கு அது போதாதா? ஒரு பழம் பிடுங்குமுன்பே குடும்பப் பெயர் போட்ட போத்தல் லேபிள் மூன்று பெட்டி அச்சடித்தேன். ஞாயிறு பூசை முடிய, மாதா கோயிலின் கீழ்மண்டபத்தில் எழுந்து நின்று, அடுத்த வருடம் இயேசு பிறப்புக்கு வைக்கும் நத்தார் விருந்துக்கு வைன் என்னுடையது என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். ஓசி என்றால் எங்கள் சனம் எதற்கும் கைதட்டும்.

கொடிகள் முழங்கால் உயரத்தில் குனிந்து கிடந்தன. யாழ்ப்பாணத்தில் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் காய்க்கும். கீழே நாங்கள் நிமிர்ந்து நடப்போம். பரம்பரையாக வைன் குடிப்பவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். கோடை முழுவதும் குழாய் நட்டு, கம்பி இழுத்து, கொடிகளை மேலே ஏற்றினேன். கம்பி முடிந்ததால் கடைசி வரிசை மட்டும் கிடந்தபடி கிடந்தது.

அக்டோபரில் கிழவர் வந்து, பந்தலை அண்ணாந்து பார்த்து, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து பிரெஞ்சு பழகிய என் மனைவிதான் மொழிபெயர்த்தாள்.

"பனிக்கு முதல் கொடியைச் சாய்ச்சு மண்ணால மூடவேணுமாம். இல்லாட்டிச் செத்துப்போகுமாம். இவ்வளவு உயரத்தில இருக்கிறதை எப்பிடி மூடுவீங்கள் எண்டு கேக்கிறார்."

"எங்கட ஊரில செத்த பிறகுதான் புதைக்கிறது எண்டு அவருக்குச் சொல்லும்."

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. "மெர்சி" என்று நன்றி மட்டும் சொல்லி அனுப்பினாள்.

கல்லறைத் திருநாளன்று மண்வெட்டியோடு போய், அந்தக் கடைசி வரிசையை அவளே மூடினாள். மேடு மேடாக.

"மெழுகுதிரி கொண்டரவோ?" என்றேன்.

"நீங்கள் உங்கட பந்தலுக்குக் கம்பளி போர்த்துங்கோப்பா."

ஏப்ரலில் ஏறிப்போய் ஒரு தண்டை நகத்தால் சுரண்டினேன். விறகு. அடுத்ததும் விறகு. மலை முழுவதும் தலைக்கு மேல் விறகு காயப்போட்டிருந்தேன், மிக நேர்த்தியாக. கிழவர் வந்து பார்த்தார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன், தொப்பியைக் கழற்றினார்.

மனைவி கடைசி வரிசையின் மண்ணை விலக்கினாள். கணுவுக்குக் கணு மொட்டு.

"பாத்தீரோ, என்ர மலை என்ன மலை!"

"ஓம், மலை உங்கட. வரிசை என்ர."

அந்த வரிசை பதினொரு போத்தல் தந்தது. பந்தலைப் பிடுங்கினேன். மேலே செத்த கொடிகள் கோடையிலேயே அடியிலிருந்து தளிர்த்திருந்தன. நவம்பரில் ஒன்று விடாமல் சாய்த்து மூடினேன், நானே.

நத்தார் விருந்தில் இருமல் மருந்து ஊற்றும் அளவில் ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது. அரிய சரக்கு அப்படித்தான் என்றேன்.

"அண்ணை, மிச்சம் எங்க?" என்றான் ஒருவன்.

"மலையில. புதைச்சுப்போட்டு வந்திருக்கிறன்."

"நாலு நாள் குனிஞ்சு நிண்டவர். இன்னும் நிமிர ஏலாமல் இருக்கிறார்" என்றாள் மனைவி, கிளாஸை நீட்டியபடி.