சுக்குக் காப்பியில் கரைத்தது

அப்பா குடிக்கிறார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியபோது எனக்குப் பத்து வயது. குடியாவது ஒன்றாவது! காப்பியைக்கூட ஆற்றி ஆற்றிப் பயந்து குடிக்கிற மனுஷன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், எங்கள் சபையில் டீக்கனார் வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு போதகர் ஜெபித்துக் கொடுக்கும் நற்கருணைப் பாத்திரத்தை வரிசை வரிசையாக ஏந்திப் போவது அவர் வேலை.

அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. வடசேரியில் ஒரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். ஏதோ வேரிலிருந்து எடுத்த மருந்தாம். வேர் என்றதும் அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. காலைக் கஞ்சிக்குப் பிறகு தினம் ஒன்று எடுத்துக் கொடுப்பதும், தீர்ந்தால் வாங்கி வருவதும் என் பொறுப்பு. வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், தலைகால் புரியவில்லை.

நாலைந்து மாதத்தில் அப்பாவின் கை ஆடத் தொடங்கியது. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் அதிகம் ஆடும். முகத்தில் சிரிப்பு வற்றிப்போயிற்று. காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தார். நோய் கூடுகிறது, மாத்திரை பற்றவில்லை, வேறென்ன? சாயங்காலமும் ஒன்றைச் சுக்குக் காப்பியில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அம்மா ஏற்கெனவே பயந்துகிடந்தாள், அவளிடம் சொல்வானேன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறு, பாத்திரம் அப்பாவின் கையில் தந்தியடித்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாளின் வெள்ளைச் சேலையில் திராட்சரசம் கொட்டியது. மத்தியானச் சோறு ஆறுவதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் மூத்த டீக்கனார் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நினைக்கப்பிடாது வாத்தியாரே. ஒருக்கா ஊதிக் காட்டும்."

அப்பா எழுந்து நின்று அவர் முகத்தில் ஊதினார், அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்க. கஞ்சி மணம்தான் வந்திருக்கும். ஆனாலும் சபைக் கமிட்டி கூடித் தீர்மானிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடி உறுதியானால் நற்கருணை நிறுத்தம். மிஷன் வேலையும் போய்விடும். அம்மா வாய்விட்டு அழுதாள். அன்று சாயங்காலம் நான் இரண்டு மாத்திரை கரைத்தேன்.

கமிட்டிக்கு முன்பே அம்மா அவரை நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததை அப்பா காலமான பிறகுதான் அம்மா சொன்னாள். பார்க்க நடுக்குவாதம் மாதிரியே இருந்தாலும், இது அந்த மாத்திரை கொண்டுவந்த நடுக்கம் என்றாராம் டாக்டர். நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். சிலருக்கு மட்டும், உள்ளே பதுங்கிக்கிடக்கிற நிஜ நடுக்குவாதத்தை மாத்திரை முன்கூட்டியே வெளியே இழுத்துவிடுமாம்.

"ஒரு மாத்திரைக்குக் கை இவ்வளவு ஆடாது. கூடுதலா திங்கியளா?"

"இல்ல டாக்டர், ஒண்ணே ஒண்ணுதான். எனக்க மக எண்ணித் தருவா" என்றாராம் அப்பா.

டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படித்ததும் கமிட்டி வாயை மூடிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் என்னிடம் இனி மாத்திரை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். சுகமாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் கையும் அடங்கியது, இடது பெருவிரல் தவிர. அப்பாவின் வயதான காலத்தில் அதிலிருந்துதான் கை முழுக்க நடுக்கம் ஏறியது. நான் கரைத்துக் கொடுத்ததுதான் காரணமா, அவருக்குள்ளேயே இருந்ததா? இன்றைக்கும் நெஞ்சை அரிக்கிறது.

கை அடங்கிய பிறகு வந்த ஸ்தோத்திர ஞாயிறன்று, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார் போதகர். நான் எழும்பினேன்.

"எங்கப்பாக்குக் கை ஆடினப்போ, யாருக்கும் தெரியாம சாயங்காலமும் மாத்திரை கரைச்சுக் குடுத்தேன். மொதல்ல ஒண்ணு, பொறவு ரெண்டு. கர்த்தர் சுகம் தந்தாரு."

சபை "ஸ்தோத்திரம்" என்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கன்மார் பெஞ்சிலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரையும்விட உரக்க "ஸ்தோத்திரம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது என் தலையில் கை வைத்து, "இத இனி யார்ட்டயும் சொல்லாண்டாம், மக்களே" என்றார்.

செய்த நன்மையைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்கிறார் போலிருக்கிறது என்று நான் தலையாட்டினேன்.