பாஞ்சோவுக்குப் பக்கத்திலை ஒரு மண்டலின்

புளூகிராஸ் கூட்டத்திலை மண்டலின் வாசிக்கிறவன்ர தொழில், மற்ற எல்லாரையும் சபைக்குக் கேக்கப் பண்ணிப்போட்டுத் தான் கேக்காமல் நிக்கிறது.

அதென்ன புளூகிராஸ் எண்டு கேக்கிறவைக்கு: அது அமெரிக்க மலைப்பக்கத்துப் பாட்டு. வயலின், கிற்றார், பேஸ், பாஞ்சோ, மண்டலின். யாழ்ப்பாணத்திலை கோயில் பாட்டுக்குழுவிலை மண்டலின் வாசிச்ச நான், புலம்பெயர்ந்து வந்து ஒஷாவாவிலை தொழிற்சாலை வேலைக்குப் போன இடத்திலை இதுக்குள்ளை விழுந்தன். அரை ஆயுசு போட்டுது. எனக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. முன்வரிசையிலை இருக்கிற என்ர மனுசி ரெஜினா ஒருநாளாவது என்ர வாசிப்பைக் காதாலை கேக்கவேணும். வீட்டுக்காரரே கேக்காத வாத்தியம் வாசிக்கிற சகோதரங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறன்.

நடுக்கின கை

ரொய் என்னோடை ஒரே லைனிலை நிண்டு வேலை செய்த வெள்ளையன். பாஞ்சோக்காரன். விட்பியிலை இருந்த தன்ர கராஜுக்கு ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டான். நானும் என்ர வித்தையெல்லாம் காட்டினன். கோயிலிலை வாசிக்கிற மாதிரிக் கம்பியை விடாமல் நடுக்கி நடுக்கி, ஆக்கள் பாடேக்கையும் வாசிச்சன், பாடாதேக்கையும் வாசிச்சன்.

ரொய் பாட்டை நிப்பாட்டினான். என்ர மண்டலினை வாங்கி, கம்பியளை அமத்தி ஒரு அடி அடிச்சு, உடனை விரலை இளக்கிக் காட்டினான். 'சக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேஸ் 'தும்' எண்டால் நான் 'சக்'. என்ர முறை வந்தால் மட்டும் கொஞ்சம் மெட்டு வாசிக்கலாம். என்ர முகம் தொங்கிப்போச்சு. அவன் தோளிலை தட்டி இங்கிலிசிலை சொன்னதை என்ர தமிழிலை தாறன்: "எங்களிட்டை மேளம் இல்லை ராசா, நீதான் மேளம்."

காரிலை கேட்ட சத்தம்

எங்கட கூட்டம் முதல் முதல் சீடி அடிச்ச அண்டைக்கு, விட்பியிலை இருந்து எங்கட மோர்னிங்சைட் வீட்டுக்கு வரேக்கை காரிலை போட்டன். ரெஜினா கண்ணாடியெல்லாம் ஏத்திப்போட்டுக் கவனமாக் கேட்டா. ரொயின்ர பாஞ்சோ தகரக் கூரையிலை மழை கொட்டின மாதிரிக் கொட்டுது. நான் ஸ்ரீயரிங்கிலை தட்டித் தட்டி "இந்தா, இதுதான் நான்! இந்தா, இதுவும் நான்!" எண்டு காட்டிக்கொண்டே வந்தன். ஐயோ, ஏன் காட்டினன் எண்டு இருக்கு.

மனுசி சீடியின்ர சத்தத்தைக் குறைச்சுப்போட்டுச் சொன்னா: "உதுவே? நான் கார்ச் சில்லிலை ஏதோ தட்டுப்படுகுது எண்டெல்லோ பயந்துகொண்டு வந்தனான்."

ஒரு மைக்

ஸ்காபரோவிலை ஒரு பார்ட்டி ஹோலிலை மச்சான்ர கலியாண வெள்ளிவிழா. எங்கட கூட்டத்துக்கு நடுவிலை ஒரே ஒரு மைக்தான். ஆற்ற முறையோ அவர் கிட்டப் போவார், மற்றவை விலகுவினம். அந்த நெருங்கலும் விலகலும்தான் இந்தச் சங்கீதத்தின்ர வடிவு. ஆனால் ரெஜினாவின்ர பிலோமினா அன்ரிக்கு, வெள்ளைக்காரர் ஒரு மைக்குக்கு இடிபடுற மாதிரித்தான் தெரிஞ்சிருக்கு. ஹோல்காரரைப் பேசி, ஆளுக்கொரு மைக் கொண்டுவந்து வைப்பிச்சுப்போட்டா.

எனக்கெண்டு தனி மைக்! இண்டைக்கு ரெஜினாவுக்குக் கேக்கப்போகுது எண்டு என்ர நெஞ்சு அடிச்சுது. ரொய் சிரிச்சுக்கொண்டே அந்தப் புது மைக்கையெல்லாம் ஒரு பக்கமாத் தள்ளி வைச்சான். பிறகு நான் அன்ரிக்குப் போய் விளங்கப்படுத்தினன். அவ ஒரு சொல்லும் நம்பேல்லை: "வசதி இல்லாட்டி வாய் துறந்து சொல்லியிருக்கலாமே தம்பி, நாங்கள் காசு சேர்த்து வாங்கித் தந்திருப்பமே!"

வெறுங்கை

போன வருசம் ரொய்க்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோச்சு. வேறை பாஞ்சோக்காரனைத் தேட எங்களுக்கு மனம் வரேல்லை. இந்தக் கோடைக்கு விட்பியிலை ஒரு பார்க்கிலை வாசிக்கக் கேட்டிச்சினம். ரொய் வந்தான். பாஞ்சோ இல்லாமல் வந்து, வழமையா நிக்கிற இடத்திலை, எனக்குப் பக்கத்திலை நிண்டான்.

பாஞ்சோவின்ர முறையை வயலின் எடுக்கிறதெண்டுதான் பேச்சு. அந்த முறை வந்தவுடனை ரொய் வெறுங்கையோடை மைக்குக்குக் கிட்டப் போனான். வயலின்காரன் விலகி நிண்டான், கிற்றாரும் நிண்டுபோச்சு. பேஸ் 'தும்', நான் 'சக்'. வேறை ஒண்டும் இல்லை. அந்த வெறுமைக்குள்ளை ஒரு மெட்டைப் போடவேணும் எண்டு என்ர விரல் துடிச்சுது, முன்னாலை ரெஜினா இருக்கிறா. போடேல்லை. அது அவன்ர முறை. ரொய் தலையை ஆட்டி ஆட்டித் தன்ர முறை முடியுமட்டும் நிண்டுபோட்டு, என்னைப் பாத்து ஒருக்கால் தலையசைச்சு விலகினான். சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. நான் அழுதழுதுதான் மிச்சத்தை அடிச்சன்.

வீட்டுக்கு வாற வழியிலை ரெஜினா கார்க் கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டா. கார் நிண்டாப் பிறகுதான் சொன்னா: "இண்டைக்குத்தானப்பா, உங்கட மண்டலின் எனக்கு வடிவாக் கேட்டுது."

அரை ஆயுசா ஆசைப்பட்டது கிடைச்சிட்டுது சகோதரங்களே, ஆனால் ரொய் திரும்பப் பாஞ்சோவைத் தூக்குவான் எண்டால், நாளைக்கே கார்ச் சில்லுச் சத்தமாப் போக நான் ரெடி.