இருளாயி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைப் படம்

என் அக்கா இருளாயியைச் சினிமாப் பைத்தியம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் முன்பே போய்விட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரே மகள் பாப்பாவும் காய்ச்சலில் போனாள். ஏழு வயது. அடக்கத்தன்று அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாரம் ஆறு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஞாயிறு மதியம் பஸ் ஏறி ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போவாள். துணைக்கு வருகிறேன் என்றால், "ஒனக்கு எதுக்கு தம்பி, நீ தூங்கு லா" என்பாள்.

எண்பத்துநாலில் வீடியோ வாங்கினேன். அக்காவுக்காகத்தான். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறாளே என்ற பாசம்.

"இனிமே தியேட்டரே நம்ம வீட்டுக்கு வந்துருச்சுக்கா."

"நல்லது தம்பி" என்று சிரித்தாள்.

முதல் ஞாயிறு சாயங்காலம் போட்ட படத்தில் ஒரு குழந்தை செத்துப்போனது. அக்கா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். என் மனைவி நவமணி, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். பதறிவிட்டாள்.

"வெளக்கு வச்ச நேரத்துல அழாதீங்க அண்ணி. வீட்டுக்கு ஆகாது லா."

அக்கா உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு அழுகைக் காட்சி வந்தாலே நான் பொத்தானை அழுத்தி ஓட்டிவிடுவேன். தாய்மார்கள் விறுவிறுவென்று மாரில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

ஈப்போ போவது நின்று இரண்டே மாதத்தில் அக்கா இளைத்துப்போனாள். சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தியேட்டருக்குப் போனேன். வேறு எங்கே போவாள்?

ஓடிக்கொண்டிருந்தது முழுநீள நகைச்சுவைப் படம். வீடியோ வந்ததிலிருந்து அங்கே கூட்டமே கிடையாது. முன்னால் பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கடைசி வரிசை மூலையில் அக்காவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். முன்னால் சிரிப்பு எழும்போதெல்லாம் முந்தானையை எடுத்துவிட்டு, "பாப்பா, பாப்பா" என்று வாய்விட்டு அழுதாள்.

இத்தனை வருஷமாக இதற்குத்தான் வந்திருக்கிறாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. கிட்டே போகத் துணிச்சல் வரவில்லை. இடைவேளைக்கு விளக்குப் போடுவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவளிடம், "படம் எப்படிக்கா?" என்றேன்.

"வயிறு வலிக்கச் சிரிச்சேன் தம்பி" என்றாள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு நானே தியேட்டர் வாசலில் கொண்டுபோய் விட்டேன். என்ன படம் என்று கேட்கவில்லை.