நிர்வாகி மஸ்கட்டில் இருக்கிறார்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மாதா கோயில் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்று, சாவு மணியை இப்போதே அடிக்கவா, சாமியாருக்குச் சொன்ன பிறகு அடிக்கவா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

வீட்டில் யாரும் சாகவில்லை. நாங்கள் ஒரு பிரிண்டரை இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் லீவில் வந்த என் வீட்டுக்காரர் ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். மஸ்கட்டில் ஒரு பைப்லைன் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். லேப்டாப்பில் புது ஆபரேட்டிங் சிஸ்டம். பாதுகாப்பு ரொம்ப அதிகமாம். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த கூட்டுக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, தன்னை ‘நிர்வாகி’ என்றும், என்னையும் மகள் பினிஷாவையும் ‘சாதாரணப் பயனர்’ என்றும் அதில் பதிந்தார். பாஸ்வேர்டை மனதுக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

அன்றைக்குத் தொடங்கிய விசாரணை...

ஒரு போட்டோவைத் திறந்தால், ‘இதைத் திறக்கத்தான் வேண்டுமா?’ ஆமாம். ‘இது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?’ தெரியும், என் தங்கை அனுப்பியது. ‘ஆபத்தாக இருக்கலாம், பரவாயில்லையா?’ தங்கை மகள் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை போட்டோ அது. வெள்ளை கவுன் போட்டுக் கையில் மெழுகுதிரியோடு நிற்கும் எட்டு வயதுக் குழந்தையால் எனக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?

முதல் வாரம் ஒவ்வொரு கேள்வியையும் கண்ணாடி போட்டுப் படித்தேன். இரண்டாம் வாரம் பாதி படித்தேன். மூன்றாம் வாரம், கேள்வி முளைக்கும் முன்பே என் விரல் ஓ.கே.யில் இருந்தது. ‘உன் வீட்டை எழுதித் தருகிறாயா?’ என்று கேட்டிருந்தாலும் ஓ.கே.தான்.

ஓ.கே.க்கு அடங்காத கேள்விகளும் உண்டு. திடீரென்று திரை முழுவதும் மங்கும். நடுவில் ஒரு பெட்டி வரும் — ‘தொடர்வதற்கு நிர்வாகியின் பாஸ்வேர்டு தேவை.’

இந்த வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட அன்று குடையோடு மாடியில் நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து, பேங்கில் கையெழுத்து, ரப்பர் ஷீட் விற்பது, மோட்டார் பழுதானால் ஆள் தேடுவது... பதினாறு வருடமாக எல்லாம் நான்தான். ஆனால் லேப்டாப்பில் கடிகாரத்தை ஐந்து நிமிடம் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை! அதிகாரம் உள்ளவர் அரபிக்கடலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நிற்கிறார்.

அவரைப் பிடிப்பது எப்படி? வளைகுடாவில் ஆள் உள்ள வீடுகளுக்கு விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குள் மிஸ்டு கால்தான் கணக்கு. ஒன்று என்றால், எல்லாரும் சுகம். இரண்டு என்றால், நேரம் கிடைக்கும்போது கூப்பிடுங்கள். மூன்று என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். எது வந்தாலும் அவர் எடுக்க மாட்டார்; இரண்டோ மூன்றோ என்றால் திருப்பி அழைப்பார். மூன்று நான் கொடுத்தது ஒரே ஒரு முறை. அவருடைய அப்பா இறந்த அன்று.

லேப்டாப் வந்ததும் ‘இரண்டு’ பெருகிவிட்டது. திரை மங்கும் போதெல்லாம் இரண்டு கொடுத்தேன்.

“ஏட்டி, அது கேக்கதுக்கெல்லாம் நீ எதுக்கு எனக்கு அடிக்க? கேன்சல் குடுத்துட்டு வேற வேலையப் பாரு.”

“பாஸ்வேர்டச் சொல்லித் தந்துட்டா நான் எதுக்கு அடிக்கேன்?”

“அதெல்லாம் போன்ல பறயப்பிடாது. ஆராவது கேட்டா?”

கொஞ்ச நாளில் இரண்டு மிஸ்டு கால் வந்தால் அவர் சாயங்காலம் குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாகக் கூப்பிட ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நான் ஓ.கே. அமுக்கியதும் அதே மாதிரிதானே!

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் பினிஷாவுக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட்டை இண்டர்நெட்டில் எடுத்து பிரிண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமையே பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றேன். “புது பிரிண்டர் வாங்கிட்டு ஆராவது வெளிய போவாவளா?” என்றாள். பூசை முடிந்து வந்து பிரிண்டரைச் செருகினோம். திரை மங்கியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கள் ஊர்ப் புதுக்கடை ஜங்ஷனில் ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை. மஸ்கட்டிலோ அது வேலை நாள். பத்து மணிக்கு இரண்டு மிஸ்டு கால் கொடுத்தேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பினிஷா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“அம்மா, மூணு குடும்மா.”

“போட்டி! மூணு எதுக்குள்ளதுண்ணு தெரியுமா?”

“எனக்க ஒரு வருஷம் போவும்மா.”

கொடுத்தேன். என்ன நினைப்பார் என்று தெரிந்தே கொடுத்தேன்.

உடனே திருப்பி அழைத்திருக்கிறார். லேண்ட்லைன் பிஸி, அதில்தான் இண்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. செல்போனும் பிஸி, பிரவுசிங் சென்டர்காரரின் வீட்டைக் கூப்பிட்டு, கடையைக் கொஞ்சம் திறக்க முடியுமா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். மனிதர் என்ன செய்வார்? அடுத்த தெருவில் இருக்கும் தன் அக்காவுக்கு, அதாவது என் மைனிக்கு, போன் போட்டுவிட்டார்.

மைனி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பினிஷாவைத் தடவிப் பார்த்தார். என்னைத் தடவிப் பார்த்தார்.

“பிள்ள இருக்கு. நீ இருக்க. அப்பம் போனது ஆரு?”

“ஆரும் போகல்ல மைனி. பிரிண்டருக்குப் பாஸ்வேர்டு வேணும்.”

“இதுக்கா நான் மீன் குழம்ப அடுப்புல விட்டுட்டு ஓடி வந்தேன்? பாவி மட்ட!”

அதற்குள் தெருவே முற்றத்தில் நின்றது. யாரோ பந்தல்காரருக்குச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. உபதேசியார் மணியைப் பற்றிக் கேட்டது அப்போதுதான்.

செல்போன் அடித்தது. மைனி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“பிள்ள எங்க? பிள்ளைக்கக் கிட்ட குடு!”

“அப்பா, நான்தாம்ப்பா.”

மூச்சு மட்டும் கேட்டது. பதினாறு வருடத்தில் அவருக்கு அப்படி மூச்சு வாங்கி நான் கேட்டதில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாஸ்வேர்டைச் சொன்னார். லைன் சரியில்லாததால் மூன்று முறை, எழுத்து எழுத்தாக, கத்திச் சொன்னார். ஊர்ப் பெயர், அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

“இதுக்காடே இவ்வளவு ரகசியம்?” என்றார் நாற்காலி இறக்கியவர்.

ஹால் டிக்கெட் வந்தது. பினிஷா பரீட்சை எழுதினாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று சாவகாசமாகப் பேசினார். மூன்றைப் பார்த்து, லைனும் கிடைக்காமல் போனதும் நேரே கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார். ரூமில் கூட இருப்பவர்கள் அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்களாம். ஏர்போர்ட்டுக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கள் லைன் கிடைத்திருக்கிறது.

“எனக்கு அதொண்ணும் கொழப்பமில்லட்டி. ஆனா நீ ஒண்ணு சொல்லு. இனி மூணு வந்தா நான் என்னண்ணு நெனைக்கணும்? ஓடி வரணுமா, இல்ல பிரிண்டரா?”

கம்ப்யூட்டரைத் திட்டி இந்தப் பத்திரிகைப் பத்தியை நிரப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘ஆபத்து’ என்று சொல்லி என்னைக் காது கேளாதவள் ஆக்கியது என்றால், நான் அவரை என்ன செய்தேன்? சாவுக்கு மட்டும் அடித்த மூன்று என்பதால்தானே தெருவே ஓடிவந்தது... அந்த மூன்றையும் ஒரு பிரிண்டருக்குச் செலவழித்துவிட்டேன். நாளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால்?

அரைமணி நேரம் இரண்டு பேரும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். அவசரம் என்றால் இனி நான்கு மிஸ்டு கால்.

மைனி எதற்கும் ஐந்தாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.