அண்ணனை முதலில் அடித்த ஞாயிற்றுக்கிழமை

நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஞாயிறுதோறும் சீட்டு விளையாடப் போகிறாள் என்றால், கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் சூதாட்டம் என்றுதான் நினைப்பார்கள். நான் ஆடுவது அந்தச் சீட்டு இல்லை. படம் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அதிலிருந்து நூறு சீட்டு பொறுக்கி, நமக்கென்று ஒரு கட்டு, ஆடுகிறவர்கள் சொல்லும் 'டெக்கு', அமைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடலாம். ஆளுக்கு நாற்பது உயிர்ப்புள்ளி. தீர்ந்தால் வெளியே. கடைசியாக மிஞ்சுகிறவர் ஜெயித்தவர்.

கோலாலம்பூர் பேரங்காடிகளில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஒன்றில் போய் உட்கார்ந்தேன். "மகனுக்கு வெயிட் பண்றீங்களா ஆன்டி?" என்று கேட்டான் கல்லாவில் இருந்தவன். எனக்கு மகனும் இல்லை, பொறுமையும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு கிடைத்ததுதான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி மேசை. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே படிவம் நிரப்ப வந்த பாத்திரக் கடைக்காரர் ஒருவர் என் மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்துவிட்டார். "நீயும் ஆடுவியா தங்கச்சி? ஞாயித்துக்கிழமை நம்ம கடை மாடிக்கு வா லா," என்றார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அண்ணன். அங்கே ஏற்கெனவே ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும், சுங்கை பூலோவிலிருந்து வரும் லோரி ஓட்டுநர் ஒருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது நாற்காலி எனக்கு.

அது எப்படிக் காலியானது என்பதும் எனக்குத் தெரியும். முன்பு அதில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ விதியைப் பற்றி அண்ணனிடம் வாக்குவாதம் செய்தாராம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் கைப்பேசியில் அனுப்பும் "நாளைக்கு மூணு மணி" என்ற செய்தி அந்த வாரத்திலிருந்து அவருக்குப் போகவில்லை. எனக்கும் அப்படி நேர்ந்தால் போக வேறு மேசை கிடையாது. வாரம் முழுக்க அந்த மூன்று மணிக்காகத்தான் நான் அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் கட்டு பயங்கரமானது. முதல் ஐந்து சுற்று யாரையும் தொடமாட்டார். பலத்தை மட்டும் சேர்ப்பார். ஆறாவது சுற்றில், தன் உயிரிலிருந்து பத்துப் புள்ளியை விலையாகக் கொடுத்து ஒரு பெரிய சீட்டை இறக்குவார். அவ்வளவுதான், மூன்று பேரும் ஒரே அடியில் காலி. ஏறக்குறைய ஒரு வருஷம் இதே கதை. ஜெயித்ததும் "பரவால்ல லா, நல்லாத்தான் ஆடினீங்க," என்று ஆறுதல் வேறு சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எதிராளி இறக்கும் சீட்டைச் செல்லாமல் ஆக்கும் தடைச்சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்துக் கட்டை நிரப்பினேன். அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒன்றுக்கும் உதவாத சின்னச் சீட்டுகளைப் பெரிய ஆரவாரத்தோடு இறக்குவார். நான் பதறிப்போய்த் தடுப்பேன். ஆறாவது சுற்றில் என் கையில் தடை ஒன்றுகூட மிஞ்சாது.

ஒரு ஞாயிறு, கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது அன்றைய ஆட்டத்தைச் சுற்றுச் சுற்றாக நினைத்துப் பார்த்தேன். ஆசிரியர் என்னை அடித்தார். நான் லோரிக்காரரை அடித்தேன். லோரிக்காரர் ஆசிரியரை அடித்தார். ஐந்து சுற்றில் அண்ணன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான். அவர் கட்டில் தற்காப்புக்கென்று ஒரு சீட்டுகூட இல்லை, தேவைப்பட்டதே இல்லை. கடைக்காரர், பெரியவர், கூப்பிட்டு உட்கார வைத்தவர். அவரைப் போய் முதலில் அடிப்பதா என்று மூன்று பேரும் தனித்தனியாகக் கூச்சப்பட்டிருக்கிறோம். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத மரியாதை. அதை வைத்துத்தான் அந்த மனிதர் எங்களை வாராவாரம் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். ஷா ஆலாம் வருவதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாதிக் கோபம் என் மேலேயே.

அந்த வாரமே கட்டைப் பிரித்தேன். தடைச்சீட்டுகளை எடுத்துவிட்டு, யாரும் சீந்தாத, சீக்கிரம் இறக்கக்கூடிய சின்னச் சின்னப் படைச்சீட்டுகளாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது சுற்று.

"அண்ணே, உங்களை அடிக்கிறேன்."

அவர் சிரித்தார். மூன்று புள்ளி போனது. ஆசிரியர்தான் முகம் சுளித்தார். "என்னம்மா, எடுத்ததுமே அண்ணனையா?"

மூன்றாவது சுற்றிலும் அண்ணன். நாலாவதிலும் அண்ணன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னையே அடிச்சிக்கிட்டு இருந்தா உனக்கு என்னா கெடைக்கும்? மத்த ரெண்டு பேரும் உன்னை முடிச்சிருவாங்க. நீ ஜெயிக்க மாட்டே."

"தெரியும் அண்ணே."

உண்மையிலேயே தெரியும். என் கை காலியாகிக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் மிச்சம் இருந்ததையெல்லாம் அவர் மேல் ஏவினேன். கணக்கு எழுதும் ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒம்போது."

பெரிய சீட்டுக்கு விலை பத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் இந்த டெக்கு வேணாம், தங்கச்சி. இல்லன்னா நீ வேற டேபிள் பாத்துக்க."

எனக்கு வேறு மேசை கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "டெக்கு எந்த விதியை மீறுதுன்னு சொல்லுங்க, எடுத்துர்றேன்," என்றேன். அடுத்து லோரிக்காரரின் முறை. அவர் தன் சீட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, அண்ணனின் ஒன்பதையும் எடுத்தார். அந்த மேசையிலிருந்து அண்ணன் முதல் ஆளாக வெளியேறியது அன்றுதான். அடுத்த சுற்றிலேயே நானும் செத்தேன். ஆசிரியர் ஜெயித்தார். யாரும் யாரையும் பாராட்டவில்லை.

சனிக்கிழமை எனக்குச் செய்தி வரவில்லை. ராத்திரி கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழுகைகூட வந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. காலையில் எழுந்ததும், என்னை வரவேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அதே கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

மூன்று மணிக்கு மாடிப்படி ஏறினேன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என் நாற்காலியில் யாரும் இல்லை.

"யாரு உன்னைக் கூப்பிட்டா?" என்றார் அண்ணன்.

"யாரும் கூப்பிடல அண்ணே." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

ஆசிரியர் சுவரைப் பார்த்தார். அண்ணன் தன் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வருஷமாக நான் பார்த்த கட்டு இல்லை. சீட்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையெல்லாம் புதிது.

"வாரம் பூரா உக்காந்து செஞ்சேன்," என்றார். "இன்னிக்கு மொத அடி உனக்குத்தான்."

அந்த மேசையில் இதற்கு முன் அவர் என்னை ஒரு பொருட்டாக நினைத்து அடித்ததே இல்லை.

"அடிங்க அண்ணே, பாப்போம்," என்று சொல்லிவிட்டு என் சீட்டுகளைக் கலைக்க ஆரம்பித்தேன்.