நேர்த்திக்கு ஒரு வள்ளம்

போன கிழமை மெல்பேர்னில் வேலைக்குப் போகும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெண் ஒருத்தி கைப்பையிலிருந்து ஹெயார் ஸ்ப்ரே போத்தலை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்து, தலைக்கு இரண்டு தரம் அடித்தாள். பெட்டி முழுக்க அந்த மணம். பக்கத்தில் இருந்தவர் இருமிக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தேன். அடுத்தது நீலப் பெயின்ட் என்று கை தன்பாட்டில் நினைத்துக்கொண்டது.

சொன்னால் சிரிப்பீர்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஹெயார் ஸ்ப்ரே ஒன்றுகூட என் தலைக்குப் போனதில்லை. எல்லாம் கப்பலுக்கும் லொறிக்கும் ரயில் பெட்டிக்கும்தான் போனது. சிறிய மாதிரிகள் செய்கிறவர்களிடையே இது பழைய வித்தை. முதலில் துருவின் நிறம். அது காய்ந்ததும் ஹெயார் ஸ்ப்ரே. அதற்கு மேல் உண்மையான நிறம். பிறகு இளஞ்சூட்டு நீரில் தோய்த்த கட்டைத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால், நடுவில் இருக்கும் ஸ்ப்ரே கரைந்து மேல்நிறம் செதில் செதிலாகக் கழன்று வரும். அடியில் துரு தெரியும். நேற்று வாங்கிய கப்பல் இன்று இருபது வருடம் கடலில் கிடந்ததாகிவிடும். அந்தக் காலத்தில் என் தலைமுடி ஒரு விரல் நீளம்தான். அப்போது நாங்கள் இருந்த சிட்னியின் வென்ட்வேர்த்வில் பகுதியில், மருந்துக்கடையில் வேலை செய்த பெண் என் தலையைப் பார்ப்பாள், போத்தலைப் பார்ப்பாள், பிறகு மிச்சக் காசை நீட்டுவாள்.

அப்போது படிப்பை முடித்து, தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் வரைபடம் வரையப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பகல் முழுக்கக் கணினியில் பம்பு. பின்னேரம் வீட்டுக் கராஜில் மாதிரிகள். மேசையில் இடமிருந்து வலமாகக் கத்தி, அரம், சாமணம், நெயில் கட்டரைவிடச் சற்றுப் பெரிய வெட்டுக்குறடு, மூன்று தரத்தில் சாண்ட்பேப்பர், பசை, பல்குத்தும் குச்சி. ஒன்று இடம் மாறினாலும் எனக்குப் பொறுக்காது. அம்மா கராஜ் கதவில் நின்று பார்ப்பார். “கார் நிக்கிற இடத்தில ஒப்பரேசன் தியேட்டர் நடத்திறாள்” என்று தொலைபேசியில் யாருக்கோ சொல்வார்.

யூட் அண்ணா எங்கள் பின்வளவு அறையில் வாடகைக்கு இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர், கத்தோலிக்கர். வள்ளத்தில் அகதியாக வந்து, தற்காலிக விசாவில், தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர், அம்மாவின் கறிச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழியில் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் நான் செய்துகொண்டிருந்த இழுவைப் படகு ஒன்று இருந்தது. சட்டியைக் கையில் வைத்தபடியே அதைச் சுற்றி வந்தார்.

“இது வாங்கினதோ, செய்ததோ தங்கச்சி?”

“செய்தது அண்ணா.”

“அப்ப ஒரு வள்ளம் கேட்டா செய்வீங்களோ?”

பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மீன்பிடிப் படகு ஒன்று எனக்குத் தெரியும். பரமட்டாவில் மாதிரிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. படி இறங்கிப் போக வேண்டும். பிளாஸ்டிக், தின்னர், பழைய கம்பளம் மூன்றும் கலந்த மணம். கடைக்காரர் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு தேடுவார். இப்போது அந்தப் படிகளே இல்லை, அடைத்துவிட்டார்கள். அங்கிருந்து பெட்டியை வாங்கிவந்து காட்டினேன். யூட் அண்ணா மூடியில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“இது குளிர் நாட்டு வள்ளம். இதைக் கொண்டுபோய் வைச்சா, ஆரின்ர வள்ளமடா இது எண்டு அந்தோனியார் கேப்பார்.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றபோது யூட் அண்ணா ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். அவருடைய ஊர்ப் பக்கத்தில், கடலில் தப்பியவர்கள் வெள்ளியிலோ மரத்திலோ ஒரு சின்ன வள்ளம் செய்து அந்தோனியார் கோயிலுக்குக் கொடுப்பார்களாம். ஆனால் இவர் சொன்னது வேறு.

“எங்களைக் கரை சேர்த்துவிடு, இந்த வள்ளத்தையே உனக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். “அது உம்மட வள்ளமோ தம்பி?”

“இல்லை அன்ரி. அந்த நேரம் ஆர் அதெல்லாம் பாக்கிறது?”

கரை சேர்ந்தது உண்மை. ஆட்களை இறக்கிய பிறகு அவுஸ்திரேலியக் கடற்படையினர் வள்ளத்தைக் கடலிலேயே எரித்துவிட்டார்கள். கொடுப்பதாகச் சொன்ன பொருள் உலகத்தில் இல்லை. விசா விசாரணைக்கு நாள் வந்திருந்தது. ஊரில் இருந்து அவருடைய அம்மா ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார்: “நேர்த்தியைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தா எப்பிடியடா விசா வரும்?” யூட் அண்ணா இதை முழுக்க நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னதைச் செய்யாமல் அந்த விசாரணை அறைக்குள் போய் நிற்க அவருக்குப் பயம். அது முகத்தில் தெரிந்தது.

வரைபடம் இல்லாத பொருளை மாதிரியாகச் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும்: ஒரு கதவு, ஒரு செங்கல், ஒரு ஆள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன்.

“அகலம் எத்தனை அடி அண்ணா?”

“அடி ஆருக்குத் தெரியும்? இருந்த இடம்தான் தெரியும்.”

“முன்பக்க அணியத்தில இருந்து பின்னால எஞ்சின் மட்டும் நடந்தா எத்தனை எட்டு?”

“நடக்க எங்க இடம்? ஆக்களுக்கு மேலால ஊர்ந்துதான் போறது.”

சரி, ஆளையே அளவாக எடுப்போம் என்று முடிவு செய்தேன். ஹோலில் கதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டேன். அதுதான் வள்ளத்தின் ஒரு பக்கம். யூட் அண்ணா முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் ஒரு தோளை வைத்து இருந்தார். பக்கத்தில் நான். அதற்குப் பக்கத்தில் அம்மா.

“என்னை அளவா வைச்சு வள்ளம் செய்தா அது துறையிலேயே தாண்டு போகும்” என்றார் அம்மா.

“மற்றப் பக்கத்துக்கு இன்னும் ரெண்டு பேர் அன்ரி” என்றார் அவர். இரண்டு தலையணைகளை வைத்தோம். நான் டேப்பை நீட்டி அளக்கப் போனேன். அவர் தலையாட்டினார். இப்படி இல்லை, இன்னும் நெருக்கம். நெருங்கினோம். இன்னும். தோளுக்குத் தோள் முட்டியது. இன்னும். தோளை ஒருக்களித்து ஒருவர் மூச்சு மற்றவர் கழுத்தில் படும் அளவுக்கு வந்தபோது, “ஓம், இதுதான்” என்றார். அம்மா அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. அளந்து எழுதிக்கொண்டேன். அந்த ஒரு அகலத்திலிருந்து நீளம் வந்தது, நீளத்திலிருந்து உயரம் வந்தது.

முப்பத்தைந்தில் ஒன்று என்று அளவைத் தீர்மானித்தேன். வள்ளம் கைக்குழந்தை அளவில் வரும். கோப்பி கலக்கும் மரக்குச்சிகளை நீளவாக்கில் பிளந்து பலகையாக்கினேன். ஆவியில் வைத்தால் அவை வளையும். அம்மாவின் புட்டுப் பானை அதற்கு உதவியது. தையல் நூலை மெழுகுதிரியில் இழுத்தால் கயிறு. டிஷ்யூத்தாளைத் தண்ணீர் கலந்த பசையில் தோய்த்துப் போட்டால் தார்ப்பாய். வள்ளத்தின் பக்கங்களில் தொங்கிய பழைய டயர்களுக்கு எங்கள் வேலைத்தலத்துப் பம்புகளில் போடும் சின்ன ரப்பர் வளையங்கள். ஆட்களுக்குத்தான் வழியில்லை. கடையில் கிடைப்பவர்கள் ஒன்றில் படைவீரர்கள், இல்லையென்றால் தொப்பி போட்ட ரயில் பயணிகள். அதைச் சொன்னேன்.

“ஆக்கள் வேண்டாம்” என்றார் யூட் அண்ணா. “ஆக்கள் இறங்கியிட்டினம்தானே.”

பிறகு பெயின்ட். இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரைமர், துரு நிறம், ஹெயார் ஸ்ப்ரே. நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் ஈரப்படுத்திக் கல்லுப்பைத் தூவினேன். “உப்பு என்ன, வள்ளத்துக்கும் கறி வைக்கிறியோ?” என்று அம்மா கேட்டார். அதன்மேல் நீலம் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் நிறம் உரிந்த பொட்டுகள் கிடைக்கும். நீலத்தில் ஒரு துளி வெள்ளை கலந்தேன். சிறிய பொருளில் நிறம் சற்று மங்கினால்தான் தூரத்தில் இருக்கும் பெரிய பொருளாகத் தெரியும். பளபளப்பு கூடவே கூடாது. பலகை இடுக்குகளில் நீர்த்த கபில நிற எண்ணெய்ப் பெயின்ட். புகைக்குழாயடியில் கறுப்புச் சோக்குத் தூள். என் கைகளால் செய்தவற்றில் அதுதான் நல்லது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யூட் அண்ணா வேலையால் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். எஞ்சினுக்குப் பக்கத்து மூலையை விரலால் தொட்டார், தொட்ட விரலை மணந்து பார்த்தார். “அதேதான்” என்றார். பிறகு வெளியே போய்த் துணி காயப்போடும் கம்பியடியில் நின்றார். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். “இதையோ கோயிலுக்குக் குடுக்கப்போறியள்? ஊத்தை வள்ளம்! சாமிக்குக் குடுக்கிறதைக் கழுவியெண்டாலும் குடுக்க வேணும்.”

“அம்மா, அது ஊத்தை இல்லை. ஊத்தை மாதிரி.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

யூட் அண்ணா திரும்பி வந்தபோது நான் வாதாடினேன். அதே வள்ளம் வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே. புதிதாக அடித்தால் இது ஏதோ ஒரு வள்ளம் ஆகிவிடும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை மறுத்துப் பேச விருப்பமில்லை என்பது தெரிந்தது.

“அது எப்பிடி இருந்தது எண்டு அந்தோனியாருக்குத் தெரியும் தங்கச்சி. அவர் பாத்தவர்தானே. அவருக்குப் புதுசாக் குடுப்பம்.”

அடுத்த சனிக்கிழமை முழுக்கச் சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். துருவும் போனது, உப்புப் பொட்டும் போனது. வெள்ளை கலக்காத நீலம், அணியத்தில் ஒரு வெள்ளைக் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே மினுங்கும் வார்னிஷ். விதிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மீறினேன். அம்மா, “இப்பதான் வள்ளம்” என்றார்.

இங்கே கோயிலில் வள்ளம் வைக்கும் வழக்கம் இல்லை. ஃபாதர் நல்லவர், பூசையில் வைத்து ஆசீர்வதித்து, அழகான வேலை என்று பாராட்டி, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். யூட் அண்ணா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் நேர்த்தி என்ன ஆகும்? தன் அறையில் அதை வைக்கமாட்டேன் என்றார். அம்மா கையை நீட்டினார். “இஞ்ச தாரும். எங்கட சாமித்தட்டில அந்தோனியாரும் இருக்கிறார். ஊருக்குப் போகேக்க கொண்டுபோம்.” யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இது புதிதில்லை. பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் வள்ளம் ஏறியது. அணியம் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

விசாரணை சரிவரவில்லை. வள்ளம் சைவக்காரர் வீட்டில் நிற்கிறது, அதுதான் காரணம் என்று அவருடைய அம்மா சொன்னார். எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைகளில் வள்ளத்துக்கும் சேர்த்துப் பூ வைக்கத் தொடங்கினார். மேல்முறையீடு, காத்திருப்பு, புதுப்பிப்பு என்று வருடங்கள் போயின. நான் வேலை மாறி மெல்பேர்னுக்கு வந்தேன். கடைசியில் அவரைப் போன்றவர்களுக்கு வழி திறந்தபோது நிரந்தர விசா வந்தது. முதல் வேலையாக ஊருக்கு டிக்கெட் போட்டார். அம்மா வள்ளத்தைத் துடைத்து, வார்னிஷில் ஒட்டியிருந்த திருநீற்றை நகத்தால் சுரண்டி எடுத்து, துவாயில் சுற்றிக் கொடுத்தாராம். யூட் அண்ணா அதை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனார். கோயிலில் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரிச் செய்தி வந்தது.

வென்ட்வேர்த்வில் வீடு இப்போது இல்லை. கராஜும் பின்வளவு அறையும் இருந்த இடத்தில் இரட்டை வீடு கட்டியிருக்கிறார்கள். அம்மா மெரிலேண்ட்ஸில் ஒரு யூனிட்டில் இருக்கிறார். அங்கே மேசை போட இடமில்லை. என் கத்திகளையும் தூரிகைகளையும் ஒரு பெட்டியில் போட்டு யாருக்கோ கொடுத்தாயிற்று. இப்போது வேலைத்தலத்தில் மாதிரி வேண்டுமென்றால் கணினிக் கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். வந்து பார்த்தால் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அது முளைத்திருக்கும்.

இந்த வருடம் யூட் அண்ணா இரண்டாவது தரம் ஊருக்குப் போனார். கோயிலுக்குள் நின்று என்னை வீடியோவில் கூப்பிட்டார்.

“எங்கட வள்ளத்தைத் தேடுறன் தங்கச்சி. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.”

தொலைபேசியை மெல்லச் சுழற்றினார். கண்ணாடி அலுமாரிகள், மேலே தட்டுகள், கூரையில் இருந்து தொங்கும் கயிறுகள். எங்கே பார்த்தாலும் வள்ளங்கள். பாதிக்கு மேல் நீலம். எல்லாம் மினுங்கின.

“அணியத்தில வெள்ளைக் கோடு அண்ணா.”

“எல்லாத்திலயும் இருக்கு.”

“பக்கத்தில டயர்?”

“சிலதில இருக்கு. சிலதில கழண்டு போச்சு.”

திரும்ப ஒரு தரம் சுற்றிக் காட்டச் சொன்னேன். பலகைகளின் வளைவைப் பார்த்தேன், கயிற்று முடிச்சுகளைப் பார்த்தேன். அந்த முதல் பெயின்ட் இருந்திருந்தால் ஒரே பார்வையில் காட்டியிருப்பேன். இப்போது நான் செய்த வள்ளம் எது என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். சலிப்பில்லாத சிரிப்பு.

“அப்ப விடுங்கோ. எல்லாம் கரைக்கு வந்த ஆக்கள் குடுத்ததுதானே. ஒண்டுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்.”